தட்டைக் கூரைக்கு எதைப் போடுவது? ரப்பர், தார் ஷீட், ஃபைபர்கிளாஸ், திரவப் பூச்சு: நீங்களே மாற்றுவதற்கான ஒப்பீடு

வீட்டோடு ஒட்டி நீட்டிக் கட்டிய அறையின் தட்டைக் கூரை ஒழுகத் தொடங்கினால், "எதைப் போட்டால் நீண்ட நாள் வரும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தட்டைக் கூரை நடுவில் ஒழுகுவது அரிது. சுவரைத் தொடும் இடம், மூலை, குழாய் வெளியே வரும் துளை, தண்ணீர் விழும் ஓரம் ஆகியவற்றில்தான் ஒழுகும். அதனால் எந்தப் பொருளின் ஓர வேலையை உங்கள் கையால் பிசகின்றிச் செய்ய முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆயுள் கணக்கு அதற்குப் பிறகுதான்.

மரச் சட்டங்களின்மேல் பலகை அடித்த கூரைக்கான ஒப்பீடு இது. கணக்கு எளிதாக இருக்க 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 15 சதுர மீட்டர். ஒரு 5 மீட்டர் பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டியது, மற்ற மூன்று பக்கங்களும் திறந்த ஓரம், மொத்தம் 11 மீட்டர்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

துளைகளும் மூலைகளும். கூரையில் எத்தனை குழாய், எத்தனை கூரை ஜன்னல், எத்தனை உள்மூலை என்று எண்ணுங்கள். இரண்டுக்குள் இருந்தால் எளிய கூரை. ஐந்தைத் தாண்டினால் விரிப்பு வகைகள் எல்லாமே தலைவலிதான்.

காய்ந்த நேரம். மழையில்லாமல் தொடர்ந்து எத்தனை மணி நேரம் கிடைக்கும்? சில பொருள்களுக்கு ஒரு பகல் போதும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும்.

நெருப்பும் வேதிப்பொருளும். கேஸ் டார்ச்சைப் பலகைக்குப் பக்கத்தில் பிடிக்க முடியுமா? ஃபைபர்கிளாஸ் பிசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை மில்லிலிட்டர் கணக்கில் அளந்து ஊற்றும் பொறுமை உண்டா?

கால் படுமா. மேலே யாரும் ஏறாத கூரை வேறு, ஜன்னல் துடைக்கவும் பொருள் வைக்கவும் ஏறும் கூரை வேறு.

பிழை நடந்தால். ஓர் இடம் கெட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா, முழுவதையும் பிய்க்க வேண்டுமா?

இந்தப் பட்டியலில் விலையைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 15 சதுர மீட்டர் அளவுள்ள சிறு கூரையில் விரிப்பின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மீதி எங்கே போகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

## எதைப் போட்டாலும் மாறாத வேலை

பழையதை உரித்த பிறகுதான் உண்மையான செலவு தெரியும். பலகையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். எதிர்ப்பின்றி உள்ளே இறங்கினால் அந்தப் பலகை போயிற்று. ஓரப் பலகையும் சுவரை ஒட்டிய சட்டமுனையும்தான் முதலில் உளுக்கும். சட்டம் உளுத்திருந்தால் அதன் பக்கத்தில் அதே உயரமுள்ள புதுச் சட்டத்தைச் சேர்த்துப் போல்ட் போடலாம். மூன்று சட்டத்துக்கு மேல் அப்படி இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு, தாங்குதிறனைக் கணக்கிடத் தெரிந்தவரை அழைத்து வாருங்கள்.

உரிப்பதற்கு முன்னால் ஒன்று. பழைய தார் ஷீட்டிலும் அதன் கீழே உள்ள பலகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. கட்டிய காலம் தெரியாவிட்டால் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். காய்ந்த நிலையில் அதை அறுப்பதும் சுரண்டுவதும் கூடாது.

பிறகு வாட்டம். தண்ணீர் ஓட மீட்டருக்கு 12.5 மி.மீ. சரிவு போதும் என்று கணக்கு, அதாவது 1:80. ஆனால் பலகை தொய்யும், சட்டம் வளையும். அதனால் 1:40 என்று திட்டமிட்டு அடித்தால்தான் கடைசியில் 1:80 மிஞ்சும். நம் 3 மீட்டர் அகலத்தில் சுவர்ப் பக்கம் 75 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஆப்பு வடிவில் அறுத்த மரப்பட்டைகளைச் சட்டங்களின்மேல் திருகினால் இது கிடைக்கும். தண்ணீர் தேங்கும் கூரையில் வாட்டத்தைச் சரிசெய்யாமல் விரிப்பை மட்டும் மாற்றுவது பணத்தைக் கூரைமேல் பரப்பி வைப்பதுதான்.

பலகை 18 மி.மீ. தடிப்பில் இருக்கட்டும். வெளிப்புற பிளைவுட் அல்லது ஈரம் தாங்கும் தர ஓஎஸ்பி (மரச்சீவல்களை அழுத்திச் செய்த பலகை) எடுங்கள். 2440 × 1220 மி.மீ. அளவில் ஆறு பலகை, வெட்டுச் சேதத்துக்கு ஒன்று. இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றிப் போட்டு, இடையில் 3 மி.மீ. இடைவெளி விட்டு, 50 மி.மீ. திருகால் முடுக்குங்கள். திருகின் தலை பலகைக்குள் அமிழ வேண்டும். மேலே எழும்பி நிற்கும் தலை எந்த விரிப்பையும் ஒருநாள் கிழிக்கும்.

இன்சுலேஷன் இங்கேதான் இடறும். உட்கூரையில் ஈரக்கறை மழைக்குப் பின் வராமல், குளிர்ந்த இரவுகளுக்குப் பின் வந்தால் அது ஒழுகல் அல்ல. அறையின் ஈரக்காற்று குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் அது நிற்காது. இன்சுலேஷன் சட்டங்களுக்கு நடுவே இருந்தால் அதற்கும் பலகைக்கும் இடையே 50 மி.மீ. காற்றோட்ட வெளி வேண்டும், அந்தக் காற்று இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் வெளியே போக வழி வேண்டும். இன்சுலேஷனைப் பலகைக்கு மேலே வைப்பது இதைவிட நல்ல முறை. பலகை, அதன்மேல் ஈரத்தடுப்புத் தாள், அதன்மேல் இன்சுலேஷன், பிறகு விரிப்பு என்பது அடுக்கு வரிசை. இதனால் கூரை 100 மி.மீ.க்கு மேல் உயரும். சுவரில் விரிப்பு ஏற வேண்டிய உயரம் 150 மி.மீ. என்பதை மறக்கக் கூடாது. மேலே ஒரு கதவின் வாசற்படியோ ஜன்னலின் அடிப்பலகையோ இருந்தால் இந்த இரண்டும் மோதிக்கொள்ளும். பொருள் வாங்குவதற்கு முன்பே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இன்சுலேஷனுக்கு உங்கள் ஊர்க் கட்டட விதி என்ன கேட்கிறது என்பதையும் அப்போதே விசாரியுங்கள். கூரையை முழுதாக மாற்றினால் இன்சுலேஷனையும் உயர்த்தச் சொல்லும் விதிகள் பல நாடுகளில் உண்டு.

மறைந்த செலவுகள் இவை: 11 மீட்டர் ஓரப்பட்டை, 5 மீட்டர் சுவர் ஃபிளாஷிங் (சுவரும் கூரையும் சேரும் இடத்தை மூடும் தகடு), புது மழைநீர்க் கால்வாய், பழைய குப்பையை அகற்றும் கூலி, ஏறி நிற்கச் சாரம், திடீர் மழைக்குப் பெரிய தார்ப்பாய். சிறு கூரையில் ஓரப்பட்டை மட்டுமே விரிப்பின் விலையை எட்டிப்பிடிக்கும்.

## இபிடிஎம் ரப்பர்

இபிடிஎம் என்பது ஒரு செயற்கை ரப்பர் விரிப்பு. ஒரே விரிப்பாக, இணைப்பே இல்லாமல் முழுக் கூரையையும் மூடலாம் என்பதுதான் இதன் பலம். நம் கூரைக்கு 5.4 × 3.4 மீட்டர் துண்டு, 1.2 மி.மீ. தடிப்பு. எடை 26 கிலோ அளவில் வரும், இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிடலாம்.

மடித்து வந்த ரப்பரைக் கூரைமேல் விரித்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மடிப்புச் சுருக்கம் தானாகத் தளரும். அவசரப்பட்டு ஒட்டினால் அந்தச் சுருக்கம் நிரந்தரமாகிவிடும். பாதியைச் சுருட்டி நடுப்பகுதியில் நீர் கலந்த பசையை ரோலரால் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரப்பரை மெல்ல உருட்டிப் படுக்கவைத்து, மென்மையான துடைப்பத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றைத் தள்ள வேண்டும். சுற்றி 150 மி.மீ. அகல ஓரத்துக்கும் சுவர்மேல் ஏறும் பகுதிக்கும் கான்டாக்ட் பசை. இதை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. நடுப்பகுதிக்கு 5 லிட்டர், ஓரத்துக்கு 2.5 லிட்டர் என்று தொடங்கி, டின்னில் எழுதியிருக்கும் பரவும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கெடுவது மூன்று வழியில். பழைய தார் எச்சம் ரப்பரைத் தொட்டால் அதிலுள்ள எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும், அதனால் தார் ஒட்டிய பலகைகளை மாற்றிவிடுவது நல்லது. சுவரும் கூரையும் சேரும் கோணத்தில் ரப்பரை இழுத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் உண்டாகும், பிறகு ஒரு மிதி போதும் கிழிய. ஆகவே முதலில் கோணத்துக்குள் நன்றாக அழுத்தி, பிறகு சுவர்மேல் ஏற்றுங்கள். மூன்றாவது, மூலையில் கத்தி வைப்பது. உள்மூலையில் வெட்டாமல் மிகுதியை மடித்துச் சுவரோடு ஒட்டலாம். வெளிமூலையில் வெட்டாமல் முடியாது, அங்கே இழுபடும் பதப்படாத ரப்பர்த் துண்டை மேலே ஒட்ட வேண்டும். சாதாரண சிலிக்கோன் இபிடிஎம்மில் பிடிக்காது. தயாரிப்பாளர் சொன்ன சீலன்ட்டையே வாங்குங்கள்.

சுவர்ப் பக்கம் ஏறிய ரப்பரின் மேல்விளிம்பை அலுமினிய அழுத்துப் பட்டையால் திருகிப் பிடிக்க வேண்டும். அதன்மேல் செங்கல் இணைப்பில் 25 மி.மீ. ஆழம் கீறி ஃபிளாஷிங் தகட்டைச் செருகி, ரப்பரின்மேல் குறைந்தது 75 மி.மீ. இறங்கவிட வேண்டும்.

செவ்வகக் கூரை, ஒன்றிரண்டு குழாய், முதன்முறை செய்பவர் என்றால் வேறு யோசனை தேவையில்லை, இதுதான். ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப் போலச் சுத்தம் செய்து ஒட்டுப் போடலாம். கூரான நாற்காலிக்கால், கீழே விழும் கருவி, பூனையின் நகம் தவிர வேறு பெரிய எதிரி இல்லை.

## தார் ஷீட்

இதில் இரண்டு வகை உண்டு. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

டார்ச்சால் உருக்கி ஒட்டும் ஷீட், அடியடுக்கு ஒன்று, கனிமத்துகள் பதித்த மேலடுக்கு ஒன்று என இரண்டு அடுக்காக வரும். எஸ்பிஎஸ் என்ற ரப்பர் வகை கலந்தது குளிரிலும் வளையும். ஏபிபி என்ற பிளாஸ்டிக் வகை கலந்தது வெயிலில் இளகாது. பக்க இணைப்பு 75 முதல் 100 மி.மீ., முனை இணைப்பு 150 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். இணைப்பின் விளிம்பில் உருகிய தார் 5 முதல் 10 மி.மீ. வரை பிதுங்கி வந்தால் சூடு சரி. பிதுங்காவிட்டால் ஒட்டவில்லை, ஓடையாக வழிந்தால் உள்ளேயுள்ள வலையைக் கருக்கிவிட்டீர்கள். மேலடுக்கு ரோல் ஒன்றே 40 கிலோ அளவில் இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஏறக்குறைய 22 சதுர மீட்டர் வேண்டும், ஏனென்றால் இணைப்புகளும் சுவர்ப் பட்டைகளும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கும்.

வெறும் மரப்பலகையின்மேல் டார்ச் பிடிக்கவே கூடாது. கூரையின் ஓர இடுக்கிலும் சுவரின் உள்வெளியிலும் நுழைந்த சுடர் வெளியே தெரியாமல் புகையும், வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளும். வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பல நெருப்பு வேலைக்கு நிபந்தனை போடுகின்றன. அதைப் படிக்காமல் டார்ச்சை ஏற்ற வேண்டாம். எங்கள் கருத்தில் மரக்கூரையில் டார்ச் வேலை, தெரிந்த கைகளுக்கு மட்டும். இதில் மிச்சமாகும் கூலி அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

பின்பக்கத் தாளை உரித்து ஒட்டும் தானொட்டி ஷீட் வேறு. நெருப்பில்லை. ஆனால் பலகைக்கு ப்ரைமர் வேண்டும், வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், கனமான ரோலரால் அழுத்தாமல் விட்டால் இணைப்புகள் ஒரு குளிர்காலத்தில் திறந்துகொள்ளும். தோட்டக் கொட்டகை, சைக்கிள் நிறுத்தம் போன்ற சிறு கூரைக்கும், பழைய தாரை முழுதாக அகற்ற முடியாத இடத்துக்கும் இது பொருந்தும். வசிக்கும் அறைக்கு ஓரடுக்கு தானொட்டியை மட்டும் நம்ப வேண்டாம்.

## ஃபைபர்கிளாஸ்

நன்றாக அமைந்தால் நான்கிலும் உறுதியானது. இணைப்பில்லாத கடினமான ஓடு, தாராளமாக நடக்கலாம். ஆனால் தவறை மன்னிக்காத பொருளும் இதுதான்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட், அதை நனைக்க 1.5 கிலோ ரெசின் (பிசின்), மேலே 0.5 கிலோ டாப்கோட் (மேற்பூச்சு). நம் கூரைக்கு, மேட் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் 50 மி.மீ. மேற்படிவையும் பலகை இணைப்புகளிலும் ஓரப்பட்டைகளிலும் போடும் 75 மி.மீ. பட்டைகளையும் சேர்த்து, 18 சதுர மீட்டர் மேட், 27 கிலோ ரெசின், 9 கிலோ டாப்கோட்.

எல்லாம் கேட்டலிஸ்ட்டில்தான் இருக்கிறது. மிதமான வெப்பத்தில் 2 சதவீதம், அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு 20 மி.லி. அளவில். வெயிலில் குறைக்கலாம், குளிரில் கூட்டலாம், ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் கடைசிவரை இறுகாது, 4 சதவீதத்தைத் தாண்டினால் சூடேறி நொறுங்கும் தன்மை வரும். கலந்த பிறகு கையில் இருப்பது இருபது நிமிடம் போல. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். வாளியில் மிஞ்சியது தானே சூடேறிப் புகையும், அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, கரிவடிப்பான் முகமூடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

மேட்டை விரித்து, ரெசினை ரோலரால் ஊட்டி, வெண்மை மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை பள்ளவரி ரோலரால் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாக நிற்கும் இடம் நனையாத இடம். இறுகிய பிறகு துருத்தும் இழைகளைத் தேய்த்து எடுத்து, 24 மணி நேரத்துக்குள் டாப்கோட். தாமதித்தால் முழுப்பரப்பையும் தேய்த்து அசிட்டோனால் துடைத்துத்தான் மேலே போக முடியும். டாப்கோட் மெல்லியதாகி இழை வெளியே தெரிந்தால், அந்த இழை வழியே ஈரம் உறிஞ்சப்படும்.

பழைய பலகைமேல் ஃபைபர்கிளாஸ் போடக் கூடாது. பலகை அசையும், கடினமான ஓடு அசையாது, விரிசல் விழும். புதுப் பலகை, அதிலும் காய்ந்த பலகை வேண்டும். முந்தைய இரவின் பனிகூட மேட்டைப் பலகையிலிருந்து உரித்துவிடும். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நாற்றம் இரண்டு மூன்று நாள் நிற்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

மேலே அடிக்கடி ஏற வேண்டும், இரண்டு நாள் காய்ந்த வானிலை உறுதி, கூரை சிறியது, கையும் பழகிய கை என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

## திரவப் பூச்சு

பாலியூரித்தேன் பூச்சையே சொல்கிறோம். நீர் கலந்த அக்ரிலிக் பூச்சு விலை குறைவு, ஆனால் தண்ணீர் தேங்கும் தட்டைக் கூரையில் மென்மையாகி உரியும்.

ப்ரைமர், முதல் பூச்சு, ஈரமாக இருக்கும்போதே அதில் அமுக்கிய கண்ணாடியிழைத் துணி, மறுநாள் இரண்டாம் பூச்சு. மொத்தம் சதுர மீட்டருக்கு 2 கிலோ என்று வைத்தால் 30 கிலோ, துணி 17 சதுர மீட்டர். கசிவின் முதல் காரணம் சிக்கனம்தான். டின்னில் உள்ளதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பரப்பிவிடுவார்கள். கூரையை 3 சதுர மீட்டர் கட்டங்களாகச் சாக்பீஸால் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய அளவை எடைபோட்டு ஊற்றினால் இது நடக்காது. இரண்டாம் காரணம், ஈரம். இந்தப் பூச்சு காற்றின் ஈரத்தால் இறுகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பலகை ஈரமாக இருந்தாலோ ஒரே பூச்சைத் தடிப்பாக இட்டாலோ அந்த வாயு குண்டூசித் துளைகளாக நிற்கும். திறந்த டின் மறுவாரம் உதவாது, மேலே தோல் படிந்துவிடும்.

குழாய்கள், கூரை ஜன்னல், ஒழுங்கற்ற மூலைகள் நிறைந்த கூரைக்கு இதுவே பொருத்தம், துணியை வெட்டி எந்த வடிவத்தின்மீதும் படுக்கவைக்கலாம். உறுதியான, காய்ந்த பழைய தார் ஷீட்டின்மேலும் உரிய ப்ரைமரோடு பூசலாம்.

## ஒரே பார்வையில்

| | இபிடிஎம் ரப்பர் | தார் ஷீட் | ஃபைபர்கிளாஸ் | பாலியூரித்தேன் பூச்சு |
|---|---|---|---|---|
| 15 ச.மீ.க்கு முக்கியப் பொருள் | 5.4 × 3.4 மீ. ஒரே துண்டு | அடுக்குக்கு 22 ச.மீ. | 27 கிலோ ரெசின், 18 ச.மீ. மேட் | 30 கிலோ, 17 ச.மீ. துணி |
| காய்ந்த நேரம் | ஒரு பகல் | ஒரு பகல் | இரண்டு நாள் | இரண்டு, மூன்று நாள் |
| பல துளைகள் | கடினம் | கடினம் | நடுத்தரம் | எளிது |
| மேலே நடப்பது | குறைவாக | மிதமாக | தாராளமாக | மிதமாக |
| திருத்துவது | எளிது | எளிது | தேய்த்து மறுபடி | எளிது |
| பெரிய ஆபத்து | பழைய தார் தொடுவது | தீ | கேட்டலிஸ்ட் அளவு, ஈரம் | தடிப்பு குறைவது |

## பழையதன்மேலேயே போடலாமா?

உரிக்காமல் மேலே போட ஆசை வரும். ஒரே ஓர் அடுக்குதான் இருக்கிறது, மிதித்தால் அமுங்கவில்லை, கொப்புளம் இல்லை, பலகையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே, வாட்டம் சரி என்ற ஐந்தும் பொருந்தினால் மட்டும் யோசிக்கலாம். மூன்று இடங்களில் கைப்பிடி அளவுக்கு அறுத்து உள்ளே பாருங்கள், அதில் ஒன்று கால்வாய் ஓரத்தில் இருக்கட்டும். ரப்பர் போடுவதாக இருந்தால் தாரின்மேல் நேரடியாக வேண்டாம், இடையில் புதுப் பலகையோ இன்சுலேஷன் பலகையோ வேண்டும். ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தால் மூன்றாவது எடையைச் சட்டங்கள் கேட்கவில்லை, உரித்துவிடுங்கள்.

## நீங்களே செய்யக் கூடாத கூரைகள்

இரண்டாம் மாடி உயரம், சாரம் கட்ட இடமில்லாத சந்து, மாடித்தோட்டமாகவோ உட்காரும் இடமாகவோ பயன்படப்போகும் கூரை, பக்கத்து வீட்டோடு ஒரே தளமாகத் தொடரும் கூரை ஆகியவற்றை ஆளிடம் விடுங்கள். கடைசி வகையில் உங்கள் விரிப்பு எங்கே முடிகிறதோ அங்கே அவர்களுடைய ஒழுகல் தொடங்கும், எழுத்தில் உடன்பாடு இல்லாமல் உரிக்காதீர்கள். கான்கிரீட் தளமானால் பலகைக் கணக்கு பொருந்தாது. அங்கே விரிசலை அடைத்து, வாட்டம் போட்டு, முழுதாகக் காயவிட்ட பின் திரவப் பூச்சோ தார் ஷீட்டோ போடலாம். காய்ந்ததா என்று அறிய ஒரு மீட்டர் பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விட்டுவையுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும்.